எட்டு ராணியாகிற அரை நொடி

சீட்டு வித்தையில், கையிலுள்ள சீட்டைக் கட்டின் மேல்சீட்டோடு யாருக்கும் தெரியாமல் மாற்றுவதற்கு டாப் சேஞ்ச் என்று பெயர். விரல் கணக்கில் மட்டும் பார்த்தால் அது ஒரு வாரத்தில் படிந்துவிடும். வலக்கையில் ஒரு சீட்டு, இடக்கையில் கட்டு. இரண்டு கையும் ஒரு கணம் நெருங்கிப் பிரிகின்றன. பிரிந்த பிறகு வலக்கையில் இருப்பது கட்டின் மேல்சீட்டு. பழைய சீட்டு கட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. ஆனாலும் வருஷக்கணக்காகச் சீட்டு பழகியவர்களில் பலர் இதை ஆள் முன்னால் செய்யத் துணிவதில்லை. பாஸையும் (கட்டின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ரகசியமாக இடம் மாற்றுவது) டபுள் லிப்டையும் (இரண்டு சீட்டை ஒன்றுபோல் எடுத்துத் திருப்புவது) விரல் திறமையாலேயே பெரும்பகுதி மறைத்துவிடலாம். டாப் சேஞ்சுக்கு அந்த வசதி கிடையாது. கைகள் சேர்வது பட்டப்பகலில் தெரியும். உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு முன்னால் இதைச் சுத்தமாகச் செய்கிற விரல் யாருக்கும் இல்லை.

அதனால்தான் கண்ணாடி முன் நின்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிற பழக்கம் இதற்கு உதவாது என்கிறேன். வேகம் ஏற ஏறக் கையில் ஒரு வெட்டு வரும். சும்மா இருந்த கை திடீரென்று வெட்டினால், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்ப்பார். டாப் சேஞ்ச் நடக்க வேண்டிய வேகம், மேசையிலிருந்து ஒரு தம்ளரை எடுக்கிற வேகம்தான்.

முதலில் விரல். இடக்கையில் கட்டை, ரம்மிக்குச் சீட்டுப் போடும்போது பிடிப்பதுபோலவே பிடிக்க வேண்டும்: பெருவிரல் மேலே, ஆள்காட்டி விரல் முன் விளிம்பில், மற்ற மூன்றும் வலது ஓரத்தில். வலக்கைச் சீட்டு கவிழ்ந்திருக்க, அதன் வலது ஓரத்தில் பெருவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும். நடுவிரல், ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு சீட்டு நுழைகிற அளவுக்கு இடம் விட்டுக் காத்திருக்கும். அந்த இடைவெளிதான் இந்த வித்தையின் வாசல்.

வலக்கை கட்டை நெருங்கும்போது இடப் பெருவிரல் மேல்சீட்டை வலப்பக்கம் சுமார் 2 செ.மீ. தள்ளும். வலக்கைச் சீட்டு அதன் மேல் வந்து படியும். தள்ளிய சீட்டின் ஓரம் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே நுழையும். இடப் பெருவிரல் ஒரு சீட்டின் கனம் அளவுக்கு மட்டும் எழும்பி, வந்த சீட்டின் மேல் இறங்கும். அதே நேரம் வலப் பெருவிரல் தன் சீட்டை விட்டுவிடும். கைகள் விலகும்போது புதுச் சீட்டு ஆள்காட்டி, நடுவிரல் என்ற இரண்டு விரல் பிடியில் போகும். விலகி முடிவதற்குள் வலப் பெருவிரல் அதன் மேல் வந்து, ஆள்காட்டி விரல் கீழே நழுவி, பழைய பிடியே திரும்பிவிட வேண்டும்.

பிசகுகிற இடங்கள் சில உண்டு. பெரும்பாலானவர்கள் மேல்சீட்டை முன்கூட்டியே தள்ளிவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது பல் துருத்தினாற்போலத் தெரியும். வலக்கை மேலே வந்து மறைத்த பிறகுதான் தள்ள வேண்டும். இடப் பெருவிரலைக் கொக்கு கழுத்தைத் தூக்குவதுபோலத் தூக்குவது இன்னொரு பிழை. ‘சரக்’ என்று சத்தம் வந்தால், வலக்கை தன் சீட்டைத் தானே கட்டின் மேல் இழுத்துவிடப் பார்க்கிறது என்று பொருள். வலக்கை வைக்க மட்டும் வேண்டும். வாங்கிக்கொள்வது இடப் பெருவிரலின் பொறுப்பு. இந்த ஒன்றைத் திருத்தினாலே சத்தம் பாதி குறையும்.

டெல்டாவில் வித்தை காட்டுகிறவர்களுக்குச் சீட்டின் ஈரம் ஒரு தனிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதச் சீட்டு உப்பி வளைந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றின் பிசுபிசுப்பும் சேரும். மேல் இரண்டு சீட்டும் ஒட்டிக்கொண்டு, பெருவிரல் தள்ளும்போது ஜோடியாக வந்துவிட்டால் கதை முடிந்தது. கையில் இரண்டு சீட்டு இருப்பதே தெரியாமல் பார்வையாளர் கையில் கொடுத்துவிடுவீர்கள். மாத்திரை டப்பாவில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில் கட்டை வைத்திருங்கள். முகப்பவுடர் பூச வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். சீட்டை விசிறியாக விரித்துக் காட்டுகிறவர்கள் பூசுவது ஜிங்க் ஸ்டியரேட் பொடி. அதையும் இந்த வேலைக்கு நான் சொல்லமாட்டேன், வழுக்கல் அளவுக்கு மீறிப் போகும். முழு பிளாஸ்டிக் சீட்டு மழைக்குத் தாங்கும், ஆனால் படிந்த சீட்டு நழுவாமலிருக்க இடப் பெருவிரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். அளவைப் பொறுத்தவரை, 63 மி.மீ. அகலமுள்ள போக்கர் சீட்டைவிட 57 மி.மீ. பிரிட்ஜ் சீட்டு சிறிய கைக்கு நல்லது.

கல்யாண மண்டபமானால் ஸ்டாண்ட் ஃபேன் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு விரல் பிடியில் சீட்டு இருக்கிற அந்தக் கணத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் சீட்டு படபடக்கும், முகமே தெரிந்துவிடலாம். ஃபேன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

இனி மறைக்கிற வேலை.

நம் ஊரில் இதற்கெல்லாம் கண்கட்டு வித்தை என்று பெயர். அந்தப் பெயர் கற்றுக்கொள்கிறவரைக் கொஞ்சம் தவறான பக்கம் இழுக்கிறது என்பது என் எண்ணம். கண்ணை வேறு பக்கம் அனுப்பிவிட்டால் போதும் என்று தோன்றவைக்கிறது. 2005-ல் குஸ்டாவ் கூன், பெஞ்சமின் டாட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிகரெட்டும் லைட்டரும் மறைகிற ஒரு வித்தையைக் காட்டி, பார்க்கிறவர்களின் கண் எங்கே நிற்கிறது என்பதைக் கருவி வைத்து அளந்தார்கள். சிகரெட் மடியில் விழுந்தது அப்பட்டமாகவே நடந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கும் தவறவிட்டவர்களுக்கும், அந்த நேரத்தில் கண் நின்ற இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்வை பக்கத்திலேயே இருந்தும் தவறவிட்டவர்கள் இருந்தார்கள். டாப் சேஞ்சுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பார்வையாளரின் மனதுக்கு அந்த அரை நொடியில் வேறு வேலை இருக்க வேண்டும். வேலை கொடுக்க நம்மிடம் உள்ள நல்ல கருவி, ஒரு கேள்வி.

எல்லாக் கேள்வியும் உதவாது. “சரியா?”, “ஓகேவா?” என்று கேட்டால் தலையாட்டிவிட்டுக் கண் திரும்பவும் கைக்கு வந்துவிடும். “இந்தச் சீட்டு ஞாபகம் இருக்கா?” என்பது இன்னும் மோசம், நாம் மறைக்க வேண்டிய சீட்டையே சுட்டிக்காட்டுகிறது. கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நொடியாவது நினைவைத் தோண்ட வேண்டும். அந்தப் பதில் நமக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது என்று பார்க்கிறவர் நம்ப வேண்டும். கேள்வி கையில் உள்ள சீட்டைப் பற்றியதாக இருக்கவே கூடாது. இந்த மூன்றும் பொருந்துகிற கேள்வியைத் தேடி எழுதி, விரலைப் பழக்குவதுபோலவே அதையும் பழக்க வேண்டும். வார்த்தை மாறக் கூடாது.

ஒரு வித்தையை முழுசாகப் பார்ப்போம். ஒரு பெரியவர் சீட்டை எடுக்கிறார். இஸ்பேட் ராணி என்று வைத்துக்கொள்வோம். “உங்க பக்கத்துல இருக்கிற தம்பிக்கும் காட்டிருங்கய்யா, எனக்கு மட்டும் காட்டிராதீங்க” என்று சொல்லிவிட வேண்டும். இது பின்னால் வரப்போவதற்கான விதை. சீட்டைக் கட்டுக்குள் திரும்ப வாங்கி, உங்களுக்குத் தெரிந்த வழியில் மேலே கொண்டுவந்து விடுங்கள். கட்டின் நடுவிலிருந்து வேறொரு சீட்டை உருவி, கிளாவர் எட்டைக் காட்டுங்கள். “இதுதானய்யா?”

“இல்லையே.”

இந்த “இல்லையே” வந்ததும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். வித்தைக்காரன் மாட்டிக்கொண்டான் என்ற சந்தோஷம். அந்தச் சிரிப்பின் மறைவில் எட்டு கவிழட்டும். இன்னும் ஒன்றும் செய்யாதீர்கள். தோள் தளரட்டும், ஒரு மூச்சு வெளியே போகட்டும். நம் உடம்பு தளர்ந்தால் எதிரே இருப்பவர்களும் தளர்வார்கள். இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற ஸ்லைடினி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் சாய்ந்து இந்த இறுக்கத்தையும் தளர்வையும் வைத்தே வித்தை செய்தவர்.

பிறகு தலை மட்டும் இடப்பக்கம், அந்தத் தம்பியிடம் திரும்ப வேண்டும். “தம்பி, நீங்களும் பாத்தீங்கல்ல? பேரு வேண்டாம், கறுப்பா செவப்பா, அதை மட்டும் சொல்லுங்க.”

தோற்றுப்போனவன் கேட்கிற துப்பு என்பதால் கேள்வியில் சந்தேகம் வராது. தம்பி நினைவைத் தோண்டுகிறார். சீட்டைப் பார்த்த மற்றவர்களும் மனதுக்குள் தோண்டுகிறார்கள். பெரியவரோ, தம்பி சரியாகச் சொல்கிறாரா, உளறிவிடுகிறாரா என்று அவர் முகத்தையே பார்க்கிறார். நீங்களும் அவரைத்தான் பார்க்கிறீர்கள். ஸ்காட்லாந்து வித்தைக்காரர் ஜான் ராம்சே சொல்லித்தந்த பாலபாடம் இது: ஒரு பொருளைப் பார்க்கவைக்க வேண்டுமானால் நாமே அதைப் பார்க்க வேண்டும்.

எந்த நொடியில் மாற்றுவது? நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அல்ல. அப்போது எல்லாருடைய பார்வையும் உங்கள் மேல் இருக்கிறது; முகத்துக்கு ஒரு முழம் கீழேதான் கைகள். தம்பியின் வாயிலிருந்து முதல் எழுத்து வருகிறபோதுதான் பார்வை மொத்தமும் அவரிடம் போகும். “க...” என்று அவர் தொடங்கும்போது, காது கொடுத்துக் கேட்பவர்போல உடம்பு அவர் பக்கம் சாயட்டும். மண்டபத்து இரைச்சலில் இப்படிச் சாய்ந்து கேட்பதை யாரும் வினோதமாகப் பார்க்கமாட்டார்கள். உடம்பு இடப்பக்கம் சாய, வலக்கை தானாகவே இடக்கை மேல் வரும். சேர்ந்த இடத்தில் மாற்று முடிந்துவிடும். வலக்கை அங்கேயே நிற்க, கட்டோடு இடக்கை விலக வேண்டும்.

இந்தக் கடைசி வரி முக்கியம். வலக்கை போய்ச் சேர்ந்து, உடனே வந்த வழியே திரும்பினால், போய் எதையோ எடுத்துவந்த கையாகத் தெரியும். வந்த கை நிற்க, மற்றக் கை விலகினால் அப்படி ஒரு எண்ணமே எழாது. ஸ்பெயின் வித்தைக்காரர் அஸ்கானியோ இதைத்தான் போகிற வழியில் நடக்கிற செயல் என்று வகைப்படுத்தினார். பெரிய காரியம் ஒன்று நடக்கிறது; அதற்குப் போகிற வழியில் கை எதையாவது தொட்டால் மனம் அதைக் குறித்துவைப்பதில்லை.

வெளிநாட்டு வித்தைக்காரர்கள் இந்த இடத்தில் கட்டைப் பிடித்த இடக்கையாலேயே எதிராளியைச் சுட்டிக்காட்டுவார்கள். நம் ஊரில் அதை அப்படியே செய்தால் கெட்டது. பெரியவர்களை நோக்கி இடக்கை நீண்டால், சீட்டைப் பார்க்காதவரும் அந்தக் கையைப் பார்ப்பார். மனசுக்குள் ஒரு முணுமுணுப்பும் எழும். நமக்கு அந்த நேரத்தில் சுத்தமாக வேண்டாத கவனம் அது. இடக்கை ஒரு வளைவாக இடுப்பருகே இறங்கிவிடட்டும். நேர்க்கோட்டில் வேண்டாம். நேர்க்கோட்டில் போகிற கையைக் கண் விட்டுவிட்டுப் போய்ச் சேரும் இடத்துக்குத் தாவும், பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பவும் தாவலாம். வளைவாகப் போகிற கையைக் கண் வழிநெடுகத் தொடரும். கைதேர்ந்த வித்தைக்காரர் அப்போலோ ராபின்ஸோடு சேர்ந்து நடத்திய ஒரு கண்-அளவீட்டுச் சோதனையில், 2011-ல் இது வெளியானது. இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. ராணி இப்போது வலக்கையில். பெரியவர் உள்ளங்கையில் அதை வலக்கையால் வைப்பது மரியாதைக்கும் சரி, வித்தைக்கும் சரி.

தம்பி “கறுப்பு” என்று முடிக்கும்வரை அவர் முகத்திலிருந்து உங்கள் கண் இறங்கக் கூடாது. மாற்றி முடித்ததும் ‘சரியாக வந்ததா’ என்று ஒரு பார்வை கைக்குப் போகும் பாருங்கள், அதில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். தலையாட்டி, “கறுப்பா... சரி” என்று அசைபோட்டுக்கொண்டே பெரியவரிடம் திரும்பி, “ஐயா, கையை நீட்டுங்க. இந்தக் கையால மூடிக்கங்க. இப்ப சொல்லுங்க, என்ன சீட்டு?” அவர் சொல்வார். திறந்து பார்ப்பார்.

சிரிப்புக்குப் பின் வருகிற தளர்வைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். திருவாரூர், நீடாமங்கலம் பக்கம் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கோர்வை, அதாவது வாசிப்பை முடித்துவைக்கிற சொற்கட்டு, மூன்று முறை வந்து பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் விழுகிறவரை யாரும் அசையமாட்டார்கள். தாளம் போடுகிற கை, தவில்காரரின் விரலை ஒட்டியே போகும். விழுந்ததும் என்ன நடக்கிறது? பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், வெற்றிலைச் செல்லத்தைத் தேடுகிறார்கள். அந்த இரண்டு மூன்று நொடியில் தவில்காரர் வாரை இறுக்கினாலும், விரல் கூட்டைச் சரிசெய்தாலும் யார் நினைவிலும் தங்காது. சீட்டு வித்தையிலும் ஒவ்வொரு தீர்மானத்துக்குப் பிறகும் இப்படி ஒரு இடைவெளி உண்டு. செப்பிடு வித்தைக்காரர்கள் வெகுகாலமாக இதில்தான் பிழைத்தார்கள்: ஒரு செப்பைத் தூக்கிப் பந்தைக் காட்டிக் கூட்டம் ‘ஆ’ என்கிறபோதுதான் இன்னொரு செப்புக்குள் அடுத்த உருப்படி போகும். “இல்லையே” என்பது நமக்கு அப்படி ஒரு தீர்மானம். எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது, “நல்லா பாருங்க” என்று சொல்லிவிட்டு மாற்றப் போவது, கோர்வையின் நடுவில் வாரை இறுக்குவதற்குச் சமம்.

இடத்தைப் பற்றி. மேடை நமக்குக் கிடைப்பது அபூர்வம். திண்ணை, பந்தல், ஜமக்காளம் விரித்த கூடம் என்று ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், முன்வரிசையில் குழந்தைகள். ஆபத்து அங்கேதான். நீங்கள் நின்றுகொண்டு செய்தால், கீழிருந்து பார்க்கிற குழந்தைக்குத் தள்ளிய சீட்டின் அடிப்பக்கம், அதாவது முகம், ஒரு மூலையளவு தெரிந்துவிடும். “ராணி!” என்று அது கத்தினால் எந்தக் கேள்வியும் காப்பாற்றாது. ஆகவே நீங்களும் உட்கார்ந்துவிடுங்கள். கட்டு வயிற்று உயரத்தில், முன் விளிம்பு கொஞ்சம் கீழே சரிந்திருக்கட்டும்.

குழந்தைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. பெரியவர்கள் பேசினால் பெரியவர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். குழந்தை கையையே பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்பா சிவப்பா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. அதற்குத் தனியாக ஒரு பொறுப்பு வேண்டும். காலிச் சீட்டுப்பெட்டியைக் கையில் கொடுத்து, “இதுக்குள்ள ஏதாச்சும் இருக்கான்னு பாத்துட்டே இரு பாப்பா” என்று முன்பே சொல்லிவைத்தால் போதும். தம்பி பதில் சொல்லும்போது அது பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவு அக்கறையோடு பெரியவர்கள் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பயிற்சிக்குக் கண்ணாடியைவிட செல்போன் நல்லது. கண்ணாடியில் நம் கையை நாமே பார்க்கப் பழகிவிடுவோம். பிறகு ஆள் முன்னாலும் கண் கைக்குத்தான் போகும். போனை 2 அடி, மூன்றரை அடி, 5 அடி உயரங்களில் மாற்றி மாற்றி வைத்துப் படமெடுங்கள்: குழந்தை, உட்கார்ந்தவர், நின்றுகொண்டிருப்பவர். சுவரில் தம்பியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலண்டரை மாட்டி அதைப் பார்த்துப் பேசுங்கள். கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனசுக்குள் சொன்னால் கணக்கில் வராது. படத்தைத் திரும்பப் பார்க்கும்போது முதலில் ஒலியை மட்டும் கேளுங்கள். மாற்றுகிற நொடியில் பேச்சு தடுமாறினாலோ மூச்சு நின்றாலோ காதுக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு ஒலியை நிறுத்திவிட்டு இமையைப் பாருங்கள். கடினமான வேலை வருகிறபோது இமை தன்னை அறியாமல் கொட்டும். கையைத் திருத்துவது அதற்கப்புறம்.

ஒரே கூட்டத்தில் இரண்டாம் முறை “கறுப்பா செவப்பா” கேட்கக் கூடாது. முதல் முறை கேள்வி, அடுத்த முறை அடையாளம்.

சில நாள் எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் மட்டும் கையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கைகட்டி, தலை சாய்த்து, சுவரோரமாக நிற்பார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாற்றாதீர்கள். தம்பி “கறுப்பு” என்று சொல்லி முடிக்கட்டும். எட்டைக் கவிழ்ந்தபடியே, எல்லாரும் பார்க்க, கட்டின் மேல் வையுங்கள். இப்போது ராணி மேலிருந்து இரண்டாவது. “கறுப்புன்னா இதுவும் கறுப்புதானே, நான் பாதி சரி” என்று சொல்லி அந்தச் சிரிப்பும் அடங்கட்டும். பிறகு டபுள் லிப்ட் எடுத்துத் திருப்பினால், எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ராணி.